இவான் மன்னனின் பிரார்த்தனை

1947-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் தேதி இரவு 11 மணிக்கு, மாஸ்கோவில் கிரெம்ளின் மாளிகையின் ஓர் அறையில் ஐந்து பேர் கூடி, மாண்டு முந்நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட ஓர் அரசனைப் பற்றி நள்ளிரவு கடக்கும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள். ஜோசப் ஸ்டாலினும் அவருடைய சகாக்களான மொலோத்தவும் ஷ்தானவும் ஒருபுறம். திரைப்பட மேதை செர்கேய் ஐசன்ஸ்டைனும், அவருடைய படத்தில் இவான் மன்னனாக நடித்த நிக்கொலாய் செர்க்காசவும் மறுபுறம். படத்தின் முதற்பாகம் ஸ்டாலின் பரிசு பெற்றிருந்தது. இரண்டாம் பாகமோ, முந்திய செப்டம்பரில் கட்சியின் மத்தியக் குழுவால் கண்டனம் செய்யப்பட்டுப் பெட்டிக்குள் முடங்கிக் கிடந்தது. மாபெரும் அரசனை ஹாம்லெட்டைப்போல் மனவுறுதியற்றவனாகக் காட்டிவிட்டார் என்பதே டைரக்டர்மீது சாட்டப்பட்ட குற்றம். அந்த இரவில் ஸ்டாலின் சொன்னவற்றுள் ஒன்று, கலைஞர் இருவரும் வெளியே வந்து சொல்லி எழுதச்செய்த குறிப்பினால் நமக்குக் கிடைத்திருக்கிறது. இவான் கொடியவனாக இருந்தது அவருக்குக் குறையாகப் படவில்லை. அந்தக் கொடுமையை அவன் நிறைவேற்றி முடிக்காமல் விட்டதே குறையாகப் பட்டது. எஞ்சியிருந்த ஐந்து பெரும் பிரபு வம்சங்களை அவன் வேரறுத்திருக்க வேண்டும் என்றும், ஆனால் கடவுள் அவனுக்குக் குறுக்கே நின்றுவிட்டார் என்றும், கொன்றுவிட்டு அவன் நெடுங்காலம் பச்சாத்தாபப்பட்டுப் பிரார்த்தனையில் மூழ்கிவிடுவான் என்றும் அவர் கூறினார்.

இளம்பிராயத்தில் திபிலிசி நகரத்து இறையியல் பள்ளியில் பாதிரியாராவதற்குப் படித்து, 1899-இல் அதைவிட்டு வெளியேறிய மனிதரின் வாயிலிருந்து வந்த இந்த அபிப்பிராயத்தை நான் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். இதைவிட நெஞ்சை உறைய வைக்கும் சமய விமர்சனம் ஒன்று இருக்க முடியுமா என்று தெரியவில்லை. ஆயினும், அதனுள்ளே மெய்யான கேள்வி ஒன்று அடங்கிக் கிடக்கிறது. கொலைக்கும் கொலைக்கும் நடுவே ஒருவன் கண்ணீர்விட்டு அழுதால், அந்தக் கண்ணீர் எந்த இனத்தைச் சேர்ந்தது? கடவுள் உண்மையாகவே அவனுக்குக் குறுக்கே நின்றாரா? அல்லது அந்த அழுகையே அடுத்த கொலைக்கு அவனைச் சித்தப்படுத்தியதா?

இவானைத் திரையில் காட்ட முயன்றவர்கள் பலர். 1915-இலேயே ஷல்யாப்பின் என்ற மகத்தான பாடகர் மௌனப் படத்தில் அவனாக வந்தார். 1973-இல் கைதாயின் எடுத்த நகைச்சுவைப் படத்தில் யூரி யாக்கவ்லெவ் அவனாக வந்து கோடிக்கணக்கான சோவியத் மக்களைச் சிரிக்க வைத்தார். 2020-இல் ரஷ்யத் தொலைக்காட்சியில் வெளிவந்த தொடரில் முதிய இவானாக மக்கோவெத்ஸ்கி நடித்தார். போரும் அரண்மனைச் சூழ்ச்சியும் திருமணங்களும் நிறைந்த வாழ்க்கை அவனுடையது. ஆதலால் கதைக்குப் பஞ்சமில்லை. ஆயினும் மேற்சொன்ன கேள்வியின் அருகில் சென்று நின்றவை என்று நான் கருதுவன இரண்டு படங்கள் மட்டுமே.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1530-இல் பிறந்தவன் இவான். மூன்று வயதில் தந்தையையும் எட்டு வயது நிரம்பும் முன்னே தாயையும் இழந்து, தன்னை மதியாத பிரபுக்களின் நடுவே அச்சத்தோடு வளர்ந்தவன். 1547 ஜனவரியில், பதினாறு வயதில், கிரெம்ளினின் உஸ்பென்ஸ்கி பேராலயத்தில் ரஷ்யாவின் முதல் 'த்சார்' ஆக முடிசூட்டப்பட்டான். 1552-இல் கஸானை வென்றான். அந்த வெற்றியின் நினைவாக எழுந்ததே செஞ்சதுக்கத்தின் ஓரத்தில் இன்றும் வர்ணஜாலமாய் நிற்கும் புனித வசீலி ஆலயம். 1560-இல் பிரிய மனைவி அனஸ்தாசியா இறந்தாள். 1565-இல் 'ஒப்ரிச்னினா' என்ற பெயரில் நாட்டின் ஒரு பகுதியைத் தனக்கே உரியதாகப் பிரித்துக்கொண்டு, கறுப்பு உடை தரித்த தனிப்படை ஒன்றை நிறுவினான். அதன்பின் ஏழாண்டுகள் ரஷ்ய மண் கண்ட குருதிக்கு அளவில்லை. 'க்ரோஸ்னி' என்று அவனுக்கு வழங்கும் அடைமொழியை நாம் 'பயங்கர' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம். அது அவ்வளவு பொருத்தமன்று. உக்கிர மூர்த்தி என்று சொல்லும்போது நமக்கு உண்டாகிறதே அச்சமும் பக்தியும் கலந்த ஓர் உணர்ச்சி, அதற்குத்தான் அந்த ரஷ்யச் சொல் அணுக்கமானது. தெய்வத்துக்குரிய உக்கிரத்தை ஒரு மனிதன் தன்மீது சூட்டிக்கொண்டான் என்பதிலிருந்தே இவானின் சமயப் பிரச்சினை ஆரம்பமாகிறது.

அந்தத் தனிப்படையின் தலைமையிடம் அலெக்சாந்திரவ் என்ற ஊர். அங்கே அவன் ஒரு மடத்தையே நடத்தினான். அவனே மடாதிபதி, கொலைத் தொழிலர்கள் துறவிகள். விடியுமுன்னே மணியடித்து எல்லோரையும் வழிபாட்டுக்கு எழுப்புவான். நெற்றியில் வடு உண்டாகும்படி தரையில் மோதி மோதி வணங்குவான். சகோதரர்கள் உணவருந்தும்போது தான் நின்றுகொண்டு புனித நூல் வாசிப்பான். பின்னர் அங்கிருந்து சிறைக்கூடத்துக்குச் சென்று சித்திரவதையை மேற்பார்வையிடுவான். அக்காலத்தில் அவன் பக்கத்தில் பணியாற்றிய அந்நியர் எழுதிவைத்த செய்தி இது. இதை வேஷம் என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வேஷதாரி பிறர் காண நடிப்பான். இவனோ யாரும் காணாதபோதும் தொழுதவன், தேவாலயப் பாடல்கள் இயற்றியவன் என்று அவன் பெயரில் வழங்கும் பாடல்களால் அறியப்படுபவன், தன்னை நாற்றமெடுத்த நாய் என்று மடத்துத் துறவிகளுக்குக் கடிதம் எழுதியவன். அந்தக் கடிதத்தை முழுவதும் படிக்கிறவர்களுக்கு ஒன்று புலனாகும். தன்னைத் தாழ்த்திக்கொண்ட கை, அடுத்த பக்கத்திலேயே அத்துறவிகளின் ஒழுக்கக்கேட்டைச் சாட்டையால் அடிப்பதுபோல் அடிக்கிறது. தாழ்மையும் அவனிடத்தில் அதிகாரத்தின் ஓர் உருவமாகவே வேலை செய்தது.

ஐசன்ஸ்டைன் இதைக் கண்டுகொண்டார் என்பதற்கு இரண்டாம் பாகத்திலுள்ள ஒரு காட்சியே சாட்சி. மன்னனுடைய உத்தரவு என்று சொல்லி, மல்யூத்தா என்ற ஏவலாள் கொலிச்சேவ் வம்சத்துப் பிரபுக்களை முற்றத்தில் தலைகொய்துவிடுகிறான். இவான் வருகிறான். சடலங்களைக் காண்கிறான். நெடிய உருவம் மெல்லக் குனிகிறது, தலையணியை எடுக்கிறான், சிலுவைக் குறி இடுகிறான். பார்க்கிற நமக்குத் தொண்டை அடைக்கிறது, இதோ ஒரு மனிதன் உடைந்துவிட்டான் என்று. பின்பு அந்த உருவம் நிமிர்கிறது, கை நீள்கிறது, இவ்வளவுதானா, இது போதாது என்கிற ஒற்றைச் சொல் வாயிலிருந்து வருகிறது. ஒரே உடம்பில், ஒரே மூச்சில், அஞ்சலியும் ஆணையும்! நான் இக்காட்சியை முதன்முறை கண்டபோது குனிந்ததைப் பொய் என்றும் நிமிர்ந்ததை மெய் என்றும் எடுத்துக்கொண்டேன். பலமுறை பார்த்தபின் இரண்டுமே மெய்யென்று தோன்றுகிறது. அதனாலேயே அது தாங்கமுடியாததாக இருக்கிறது.

இந்த இடத்தில் நம் மொழி எனக்குத் துணைக்கு வருகிறது. செய்துவிட்ட செயலை எண்ணிப் பின்னால் வேகும் வேக்காட்டைப் 'பச்சாத்தாபம்' என்கிறோம். பின்னால் தோன்றும் தாபம் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். வேதாகமத்தைத் தமிழாக்கிய பெரியோர்கள், கிரேக்க மூலத்தில் இரு வேறு சொற்கள் வருவதை உணர்ந்து, அவற்றைத் தமிழிலும் பிரித்தே வைத்தார்கள். குருவைக் காட்டிக்கொடுத்த யூதாஸுக்கு உண்டானதை மத்தேயு சுவிசேஷத்தில் மனஸ்தாபம் என்றே எழுதினார்கள். யோவான் ஸ்நானகன் மக்களிடம் கேட்டதையோ மனந்திரும்புதல் என்றார்கள். யூதாஸ் வெந்தான், வாங்கிய வெள்ளிக்காசைக்கூடத் திருப்பி எறிந்தான், ஆனால் திரும்பவில்லை. தாபம் என்பது வெப்பம். அது தானாகவே ஏறித் தானாகவே தணியும். திரும்புதலோ திசை சம்பந்தப்பட்டது. கால்கள் வேறு பக்கம் நடந்தாலன்றி அது நிகழ்ந்ததாகாது. வெப்பம் எவ்வளவு கடுமையாக இருந்தாலும், திசை மாறாதவரையில், அது மனிதனை இளைப்பாற்றி மீண்டும் பழைய வழியிலேயே அனுப்பிவைக்கக்கூடும். அழுது முடித்தவனுக்கு உடம்பு லேசாகிவிடுகிறது. லேசான உடம்போடு அவன் மறுபடியும் வாளை எடுக்கிறான்.

இதற்கும் கீழே மரண பயம் என்ற ஒன்று இருக்கிறது. அதைப் பால் லேனி என்பவர் 1924-இல் ஜெர்மனியில் எடுத்த மெழுகுப் பொம்மைகள் பற்றிய படம் காட்டுகிறது. அதில் இவானாக வரும் கான்ராட் ஃபைட், தன் பெயர் எழுதிய மணற்கடிகையில் மணல் தீர்ந்தால் உயிரும் தீரும் என்று நம்பி, அதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே சித்தம் கலங்கிப் போகிறான். அற்புதமான காட்சிதான், ஆனால் அந்த இவானுக்குக் கடவுளே இல்லை, மணல் மட்டுமே இருக்கிறது. அவனைப் பற்றி நம் கேள்வியைக் கேட்க முடியாது.

கேள்விக்கு மறுமுனையில் நின்றவர் பேராயர் பிலிப். வெண்கடலில் உள்ள சலவெத்ஸ்கி தீவு மடத்தின் தலைவராக இருந்தவர். 1566-இல் இவானே அவரை வற்புறுத்தி அழைத்துவந்து மாஸ்கோவின் தலைமைப் பேராயராக்கினான். இதையும் நாம் கவனிக்க வேண்டும். முகஸ்துதி செய்யும் ஒருவரை அவன் தேடவில்லை. உண்மையான துறவி ஒருவர் தன் பக்கத்தில் வேண்டுமென்று அவனுக்குள் ஏதோ ஒன்று தவித்திருக்கிறது. அந்தத் தவிப்புத்தான் கடவுள் குறுக்கே நின்ற இடம் என்று நான் நினைக்கிறேன். 1568 மார்ச் மாதத்தில் உஸ்பென்ஸ்கி பேராலயத்தில் வழிபாடு நடந்துகொண்டிருக்கையில், மன்னன் தன் கறுப்புப் படையோடு நுழைந்து, பேராயரின் முன் ஆசி வேண்டி நின்றான். மூன்று முறை வேண்டியும் அவர் கிறிஸ்துவின் திருவுருவத்தின்மேல் வைத்த விழியை எடுக்கவில்லை என்று அவருடைய சரிதை கூறுகிறது. மன்னர் வந்திருக்கிறார் என்று பிரபுக்கள் சொன்னபோது, இந்தக் கோலத்திலும் இந்தச் செயல்களிலும் தமக்கு மன்னர் தென்படவில்லை என்று விடையளித்து, பலிபீடத்தின் முன்னே இரத்தமற்ற பலி செலுத்தப்படும்போது வெளியே குற்றமற்றோரின் இரத்தம் பாய்கிறதே என்று அனைவரும் கேட்கக் கண்டித்தார். அவ்வாண்டு நவம்பரில், வழிபாட்டின் நடுவிலேயே ஒப்ரிச்னிக்குகள் எனப்பட்ட அந்தக் கறுப்புப் படையினர் அவருடைய குருத்துவ ஆடைகளைக் களைந்து வெளியே இழுத்துச் சென்றார்கள். த்வேர் நகரத்து மடமொன்றில் அடைக்கப்பட்டார். 1569 டிசம்பரில், நவ்கரத் நகரத்தை அழிக்கப் படை புறப்பட்டபோது, மல்யூத்தா அவருடைய அறைக்குள் நுழைந்து அந்தப் பயணத்துக்கு ஆசி கேட்டான், அவர் மறுத்தார், கழுத்து நெரிக்கப்பட்டு மாண்டார்.

இந்த மூன்றாண்டு வரலாற்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு பாவெல் லுங்கின் 2009-இல் 'த்சார்' என்ற படத்தை எடுத்தார். பிலிப்பாக ஒலெக் யன்கோவ்ஸ்கி. அது அவருடைய கடைசிப் படம். கான் விழாவில் காட்டப்பட்ட சில நாட்களுக்குள் அவர் இறந்துபோனார். இவானாக நடித்தவர் பியோத்தர் மமோனவ். லுங்கினுடைய முந்திய படமான 'தீவு' என்பதைக் கண்டவர்களுக்கு இந்தத் தேர்வு ஓர் அதிர்ச்சியைத் தரும். ஏனென்றால் அந்தப் படத்தில் இதே மமோனவ், யுத்தகாலத்தில் உயிர்ப்பயத்தால் தன் தலைவனைச் சுட்டுவிட்டு, அதன்பின் ஆயுள் முழுதும் ஒரு வடதிசை மடத்தில் கரி சுமந்து, அந்தக் கரியின்மேலேயே படுத்து, பிரார்த்தித்தே தேய்கின்ற துறவியாக வருகிறார். ராக் இசைக்கலைஞராய்க் கட்டுக்கடங்காத வாழ்க்கை வாழ்ந்து, பிறகு கிராமத்தில் குடியேறி ஆழ்ந்த விசுவாசியாக மாறிய மனிதர் அவர். அதே ஒடுங்கிய முகம், அதே பல்லிழந்த வாய், அதே கிறுகிறுத்த கண்கள், ஒரு படத்தில் மனந்திரும்பியவனுடையவை, மறுபடத்தில் திரும்பாதவனுடையவை. முகத்தைப் பார்த்து நம்மால் பேதம் காண முடியவில்லை! காமிராவுக்கு முகம் மட்டுமே தெரியும், திசை தெரியாது என்பதை இந்த இரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

அப்படியானால் இரு மனிதருக்கும் வித்தியாசம் எங்கே இருக்கிறது? தீவின் துறவி தன்னை இன்னொருவர் கையில் ஒப்புக்கொடுத்திருக்கிறான். மடத்தில் யார் அவனைக் கடிந்தாலும் அதற்குத் தலைகுனிய வேண்டியவன். மன்னனோ கடவுளோடு நேரே பேசுகிறான். 'த்சார்' படத்தின் தொடக்கத்தில் அவன் ஒரு கந்தல் மனிதனாகப் பிரார்த்தனையில் கிடக்கிறான். பிறகு எழுந்து நடக்க நடக்க ஏவலர்கள் ஒவ்வொரு ஆடையாக அவன்மீது ஏற்றுகிறார்கள். கிழவன் மறைந்து அரசன் தோன்றுகிறான். தனியறையில் கடவுளிடம் எத்தனை மன்றாடினாலும், அறையைவிட்டு வெளியே வந்தால் அவனை 'இல்லை' என்று சொல்லி நிறுத்த ஒரு ஜீவன் இல்லை. பாவமன்னிப்பு என்பது குருவின் வாயால் வழங்கப்படுவது ஏன் என்று ரஷ்யத் திருச்சபையின் வழக்கத்தை அறியாதவர்கள் கேட்பதுண்டு. மன்னிப்பை மறுக்கக்கூடிய வாய் ஒன்று நம் எதிரில் இருக்க வேண்டும் என்பதே அதன் சூட்சுமம் என்று எனக்குப் படுகிறது. மறுக்க இயலாதவனிடமிருந்து பெறும் மன்னிப்பு, தன் கையால் தனக்கே சூட்டிக்கொள்ளும் மாலை.

ஐசன்ஸ்டைன் எடுக்க நினைத்து, முடியாமலே 1948 பிப்ரவரியில் ஐம்பது வயதில் மறைந்துபோன மூன்றாம் பாகத்தின் திரைவசனம் நமக்குக் கிடைத்திருக்கிறது. நவ்கரத் படுகொலைக்குப் பின், ஆலயச் சுவரில் தீட்டிய இறுதித் தீர்ப்பின் சித்திரத்துக்கு அடியில் இவான் புழுதியில் விழுந்து கிடக்கிறான். துறவி ஒருவர் கொல்லப்பட்டோரின் பெயர்களை முடிவில்லாமல் வாசித்துக்கொண்டிருக்கிறார். கோபத்தால் அன்று, ராஜ்யத்தின் க்ஷேமத்துக்காகவே செய்தேன் என்று மன்னன் முணுமுணுத்து, சுவரிலிருக்கும் விண்ணரசனை நிமிர்ந்து பார்க்கிறான். விண்ணரசன் பேசவில்லை. விடைக்காகக் கெஞ்சியும் மிரட்டியும் பார்த்த பூவுலக அரசன், கடைசியில் மணிகள் பதித்த தன் கோலை அந்தச் சித்திரத்தின்மேல் வீசி எறிகிறான். இந்தப் படத்துக்கென்று ஐசன்ஸ்டைனின் மனத்தில் முதன்முதல் உதித்ததே இந்தக் காட்சி என்று அவரே எழுதியிருக்கிறார். பச்சாத்தாபத்தைப் பலவீனம் என்று கருதிய ஒருவருக்கு முன்னால் அமர்ந்து, இன்னும் எடுக்காத இந்தக் காட்சியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, அந்த இரவில் அவர் என்ன எண்ணியிருப்பார்! இரண்டாம் பாகம் திரைக்கு வந்தது 1958-இல்; ஸ்டாலினும் போய்விட்டார், அவரும் போய்விட்டார்.

கடவுளின் மௌனத்தைப் பற்றிய காட்சி என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. விண்ணரசன் பேசியிருந்தான், உஸ்பென்ஸ்கி பேராலயத்தில், திரளான மக்களின் நடுவே, பிலிப்பின் குரலில் தெளிவாகவே பேசியிருந்தான். கேட்க வேண்டியவன் அந்தக் குரலின் கழுத்தை நெரித்துவிட்டு, சுண்ணச் சுவரிடம் வந்து விடை கேட்கிறான். உலகத்தில் கடவுள் ஊமையாகிவிட்டார் என்று முறையிடுகிற அதிகாரம் ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவருடைய வாய் அடைக்கப்பட்டிருக்கிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

ஆயினும் இவானை முழுவதும் கைவிடவும் மனம் ஒப்பவில்லை. 1581 நவம்பரில் அலெக்சாந்திரவில் தன் மூத்த மகனைத் தன் கையாலேயே தாக்கினான். மகன் சில நாட்களில் இறந்தான். ரெப்பின் தீட்டிய ஓவியத்தில் அந்தத் தகப்பனின் விரிந்த விழிகளைக் கண்டவர்கள் மறப்பதில்லை. அதற்குப் பின்னரே, தன் ஆணையால் மாண்டவர்களின் பெயர்களைத் திரட்டச் சொல்லி, 'சினோதிக்' எனப்படும் நினைவுப் பட்டியலாக்கி, அவர்களுடைய ஆன்ம சாந்திக்காக வேண்டிக்கொள்ளும்படி மடங்களுக்குப் பொருளும் சேர்த்து அனுப்பினான். மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சுட்டும் பட்டியல் அது. பல இடங்களில் பெயரே இல்லை. இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும் எழுதி, அவர்களுடைய பெயரை ஆண்டவரே அறிவார் என்று குறித்திருக்கிறார்கள். துரோகிகள் என்று கொன்றவர்களை, விசுவாசிகள் வரிசையில் வைத்துப் பிரார்த்திக்கச் சொல்வது சிறிய காரியமன்று. பிராயச்சித்தத்தின் எல்லை வரையில் அவன் வந்துவிட்டான் என்றே சொல்லவேண்டும். ஆனால் பட்டியலைத் தயாரித்ததும் அரசாணையே. பிரார்த்தனை செய்யச் சொன்னதும் அரசாணையே. 1584 மார்ச்சில் சதுரங்கம் ஆடப்போகும் வேளையில் அவன் சரிந்து விழுந்தான். துறவியின் ஆடையை அணிவித்து, யோனா என்று துறவுப் பெயரிட்டு, ஆர்க்காங்கெல்ஸ்கி ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். அவனைப் புனிதனாக்க வேண்டுமென்று அண்மைக் காலத்தில் சிலர் கேட்டபோது, ரஷ்யத் திருச்சபையின் ஆயர்கள் 2004-இல் அதை ஏற்க மறுத்தார்கள். கொன்றவனையும் கொல்லப்பட்டவரையும் ஒரே பீடத்தில் வைத்து எவ்வாறு வணங்குவது?

இந்தப் படங்களில் எதிலும் வராத ஒரு காட்சி இருக்கிறது. பிலிப்பின் திருவுடல் த்வேரிலிருந்து அவருடைய பழைய தீவு மடத்துக்கே கொண்டுபோகப்பட்டிருந்தது. 1652-இல், இவானுக்குப் பிற்பாடு வந்த வேறொரு வம்சத்து அரசனான அலெக்சேய், அதை மாஸ்கோவுக்கு அழைத்துவர நீக்கன் என்ற பேராயரை வெண்கடலுக்கு அனுப்பினான். அவரிடம் அவன் ஒரு கடிதம் கொடுத்திருந்தான். அது மடத்தலைவருக்கு எழுதியதன்று. எண்பது ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன பிலிப்புக்கே எழுதியது. முன்னோனாகிய இவானின் குற்றத்துக்காகத் தன் அரச பதவியை உம் முன் பணிய வைக்கிறேன், மன்னித்து எங்களிடம் திரும்பி வாரும் என்ற கருத்தமைந்த அந்த விண்ணப்பத்தை, நீக்கன் கல்லறையின் முன் நின்று உரத்த குரலில் வாசித்தார். விடை சொல்லாத ஒருவரிடம் கேட்கப்பட்ட மன்னிப்பு அது. கோலை வீச அங்கே ஒருவரும் இல்லை. பெட்டியைக் கடல் வழியாகவும் தரை வழியாகவும் சுமந்துகொண்டு ஜூலை மாதத்தில் மாஸ்கோவை அடைந்தார்கள். அரசன் எதிர்கொண்டு வந்தான். ஆடைகளைக் களைந்து பிலிப்பை எந்த வாயில் வழியே இழுத்துச் சென்றார்களோ, அந்த உஸ்பென்ஸ்கி பேராலயத்துக்குள்ளேயே அவரைக் கொண்டுபோய் வைத்தார்கள்.